பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?

வலது தடம் | திங்கள், காலை 8.10

நேற்று இரவு விழுப்புரத்திலிருந்து சென்னை திரும்பிக்கொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டியதும் இடப்பக்கத் தடம் முழுக்க லாரிகள். நான் வலது தடத்தில் 90-ல் அவற்றைக் கடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார், ஹை பீம் போட்டபடி வந்து ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நெருக்கம் என்றால், என் தலையின் நிழல் என் டாஷ்போர்டிலேயே விழுந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் இப்படியே. ஒதுங்க இடமில்லை. கடைசியில் பொறுமை போய் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினேன். பின்னால் டயர் கிறீச்சிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மகள் அலறி எழுந்தாள். அந்த ஆள் லாரிகளுக்கு இடையில் கிடைத்த சந்தில் இடப்பக்கமாகப் புகுந்து, என் முன்னால் வெட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீடு வரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் சொன்னது: "போகிறவனைப் போக விட்டிருக்கலாம்." நான் ஊர்ந்துகொண்டா இருந்தேன்? தவறு செய்தவர் அவர். பாடம் எனக்கா?

பழைய ஸ்டியரிங் | திங்கள், காலை 9.35

தம்பி, 28 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 90-ல் போகும் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறது. உங்கள் பிரேக் விளக்கு எரிந்ததைப் பார்த்து, பின்னால் இருப்பவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைக்கவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அவருக்கும் உங்களுக்கும் நடுவில் பத்து மீட்டர் இருந்ததா? தட்டிவிட்டு விட்டதால் பிழைத்தீர்கள். அழுத்திப் பிடித்திருந்தால் மோதியிருப்பார். அவருடைய பம்பருக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தது யார்? நீங்கள் அல்ல. பின்சீட்டில் உங்கள் மகள்.

நேர்க்கோடு | திங்கள், காலை 10.20

நம் ஊரில் எப்போதும் உபதேசம் முன்னால் போகிறவருக்குத்தான். சட்டம் என்ன சொல்கிறது? முன்னால் செல்லும் வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே 23-ஆவது விதி இருந்தது. 2017-ல் புதிய விதிகள் வந்தபோதும் அந்தக் கடமை மாறவில்லை. லாரிக்குப் பின்னால் 10-15 அடியில் போய் மோதிய ஒரு கார் வழக்கில், அது பாதுகாப்பான இடைவெளியே அல்ல என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் நம் பக்கம். ஒட்டி வருபவனுக்கெல்லாம் ஒதுங்கிக்கொண்டே இருந்தால், ஒட்டினால் வழி கிடைக்கும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான்.

நொய்யல் | திங்கள், காலை 11.05

23-ஐப் படித்தவர் அடுத்த வரியையும் படித்திருக்கலாம். 24-ஆவது விதி: பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் ஒழிய திடீர் பிரேக் போடக் கூடாது.

எங்கள் கோவையில் 2017 ஜனவரியில் நடந்த விபத்து ஒன்றைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் திடீரென நின்றது. ஓட்டியவரின் கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல். பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் காரில் மோதி விழுந்தார், அவருக்குப் பின்னால் வந்த பேருந்து அவர் மேல் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. எச்சரிக்கை இல்லாமல் நிறுத்திய கார் ஓட்டுநர் மீது 50 சதவீதம், பேருந்து மீது 30, போதிய இடைவெளி விடாமலும் உரிமம் இல்லாமலும் வந்த மாணவர் மீது 20. யார் பக்கம் சட்டம் என்று அந்த மாணவரிடம் போய்க் கேளுங்கள்.

நேர்க்கோடு | திங்கள், காலை 11.30

அது நடுச்சாலையில் வண்டியை நிறுத்தியது. இவர் செய்தது பிரேக்கைத் தொட்டுவிட்டுக் காலை எடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுவது எச்சரிக்கைதான்.

வலது தடம் | திங்கள், மதியம் 1.15

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நான் செய்தது எச்சரிக்கை இல்லை. பயமுறுத்தத்தான் தட்டினேன்.

ஆனால் பழைய ஸ்டியரிங் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சாலையில் மிக மோசமாக ஒட்டுவது பேருந்துகள்தானே? வெள்ளி இரவு கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஆம்னி பஸ் ஒன்றாவது இடைவெளி விட்டுப் பார்த்ததுண்டா?

பழைய ஸ்டியரிங் | திங்கள், மதியம் 2.40

மறுக்கவில்லை. நானும் ஒட்டியிருக்கிறேன். ஒரு நடைக்கு இத்தனை மணி என்று எழுதி வைத்திருப்பார்கள். செங்கல்பட்டு நெரிசலில் அரை மணி போனால் அதை எங்கே ஈடுகட்டுவது? முன்னால் போகும் காரில் மனிதர் இருப்பதே அப்போது மனத்தில் வராது. இரண்டு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் காருக்குள் உட்கார்ந்து "என்னை அவமதிக்கிறான்" என்று கொதிக்கிறீர்கள். அவனுக்கு உங்கள் நினைப்பே இல்லை.

இனி வேலைக்கு உதவுகிற பேச்சு. உள் கண்ணாடியின் அடியில் சின்ன நெம்பு ஒன்று இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை. விரலால் தள்ளினால் கண்ணாடி சாய்ந்து, பின்னால் வரும் ஹை பீம் மங்கிய புள்ளியாகிவிடும். வெளிச்சம் கண்ணை விட்டுப் போனாலே பாதிக் கோபம் போய்விடும்.

அடுத்து, உங்களுக்கு முன்னால் உள்ள இடைவெளி. பின்னால் அவன் விடாத தூரத்தையும் சேர்த்து நீங்கள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஏதாவது நடந்தால் நீங்கள் மெதுவாக பிரேக் பிடிக்கலாம், அவனுக்கும் நேரம் கிடைக்கும். எனக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னால் போகும் வண்டி ஒரு பாலத்தைத் தாண்டியதும் "சமயபுரத்தாளே" என்று நிதானமாகச் சொல்வேன். இரண்டு முறை சொல்லி முடிப்பதற்குள் நான் பாலத்துக்கு வந்துவிட்டால் நெருக்கம். பின்னால் ஒருவன் ஒட்டினால் நான்கு முறை. மழை என்றாலும் நான்கு.

நேர்க்கோடு | திங்கள், மதியம் 3.05

நான்கு முறை சொல்லும் இடைவெளியில் நான்கு வண்டி புகுந்துவிடும், ஐயா.

பழைய ஸ்டியரிங் | திங்கள், மதியம் 3.20

புகட்டும். வந்து சேர இரண்டு நிமிடம் கூடும்.

இரவுப் பயணி | திங்கள், மாலை 6.50

எல்லோரும் ஆண்களாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒட்டி வருபவர் அவசரத்தில் இருக்கிறார் என்பதுதான் உங்கள் எல்லோருடைய கணக்கும். எனக்கு நடந்தது வேறு. நான் வழிவிட்டேன், ஒட்டி வந்தவர் முந்தவில்லை. 60-க்குக் குறைத்தேன், அவரும் குறைத்தார். ஓட்டுவது பெண் என்று ஒருமுறை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். அங்கே "அவனுக்கு உங்கள் நினைப்பே இல்லை" என்பது எப்படிப் பொருந்தும்?

பழைய ஸ்டியரிங் | திங்கள், இரவு 7.30

பொருந்தாது, அம்மா. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என்ன செய்தீர்கள்?

இரவுப் பயணி | திங்கள், இரவு 7.45

ஓரம் கட்டி நிறுத்தவில்லை. கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். அதே வேகத்தில் ஆத்தூர் சுங்கச்சாவடி வரை ஓட்டி, தாண்டியதும் ஊழியர்கள் நிற்கும் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினேன். அவர் நிற்காமல் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினேன். கை நடுங்கியது. அமைதி எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நேர்க்கோடு | திங்கள், இரவு 8.15

சகோதரி செய்தது சரி. மற்றவர்களுக்கு இன்னொன்று. இரவில் இடப்பக்கத் தடம் என்ன பூந்தோட்டமா? விளக்கில்லாத கரும்பு டிராக்டர், எதிர்த்திசையில் வரும் பைக், பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் ஒரு மரக்கிளையும் இரண்டு கல்லும். ஒட்டி வருபவனுக்குப் பயந்து அவசரமாக அங்கே ஒதுங்குவதுதான் ஆபத்து.

பழைய ஸ்டியரிங் | திங்கள், இரவு 8.40

இதில் உங்கள் கட்சிதான் நானும். சந்து தெரிந்த பிறகு இண்டிகேட்டர், பிறகு ஒதுங்குங்கள். அதுவரை அவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவசரம் அவனுடையது. ஆனால் லாரிகள் முடிந்து இடப்பக்கம் காலியான பிறகும் வலது தடத்திலேயே 90-ல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு, தம்பி. அதையும் யோசித்துப் பாருங்கள்.

வலது தடம் | திங்கள், இரவு 10.05

யோசித்தேன். அங்கங்கே இடப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. "ஒதுங்க இடமில்லை" என்று நான் எழுதியது முழு உண்மை இல்லை.

மனைவியும் இதையெல்லாம் படித்துவிட்டார். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று கீழே போய் காரில் பார்த்துவிட்டும் வந்தார். வெள்ளிக்கிழமை மறுபடி விழுப்புரம் போகிறோம். அவர்தான் ஓட்டுகிறாராம். நான் பக்கத்தில் உட்கார்ந்து சமயபுரத்தாளை எண்ண வேண்டுமாம்.