ஆடு குட்டி போட்டதும் வருகிறேன்: கட்டுரை நோட்டு திருத்தியபோது நடந்தவை

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, சிவகங்கைப் பக்கம்:

போன வாரம் விடுப்பு விண்ணப்பம் நடத்தினேன். முடித்த கையோடு பத்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொன்னேன். வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேருக்குக் காய்ச்சல். ‘கடுமையான காய்ச்சல் காரணமாக இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ கரும்பலகையில் நான் எழுதிப் போட்டதேதான். ஒருத்தி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

‘டீச்சர் எங்க ஆடு குட்டி போட போகுது. அம்மா நூறு நாள் வேலைக்கு போயிரும். அப்பா திருப்பூர்ல இருக்காங்க. நான்தான் பாக்கனும். குட்டி போட்டதும் வந்துருவேன்.’

அனுப்புநர் இல்லை, பெறுநர் இல்லை, பொருள் இல்லை, தேதி இல்லை. முழுக்கப் பேச்சு வழக்கு. ‘பாக்கனும்’ வேறு ரெண்டு சுழி. மூன்று மதிப்பெண் போட்டு நோட்டை மூடிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அந்த இருபத்திரண்டு நோட்டில், படித்ததும் லீவு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அது ஒன்றுக்குத்தான்.

வடிவத்துக்கு இத்தனை, பிழையில்லாமல் எழுதினால் இத்தனை என்று நாம் கணக்கு வைத்திருக்கிறோம். சொல்ல வந்ததைச் சொன்னதற்கு என் கணக்கில் இடமே இல்லை. நீங்களாக இருந்தால் என்ன போட்டிருப்பீர்கள்? இப்படி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்:

மூன்றுதான் போட்டிருப்பேன் டீச்சர், மறைப்பதற்கு என்ன. நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு பையன் ‘யானை’, ‘தலை’ இரண்டையும் பழைய எழுத்தில் எழுதியிருந்தான். னகரத்துக்கும் லகரத்துக்கும் முன்னால் தும்பிக்கை மாதிரி வளையுமே, அந்த எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பாடநூலில் அது கிடையாது. பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் அவன் தாத்தா வாசலில் வந்து நின்றார். “நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன், எங்க வாத்தியார் அப்படித்தான் எழுதச் சொன்னார்” என்றார். பையனை வைத்துக்கொண்டு அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது? சரி என்று போட்டுவிட்டு, இனிமேல் புத்தகத்தில் உள்ள மாதிரி எழுதப்பா என்றேன். தாத்தா அதற்கப்புறம் வரவில்லை. அவர் சொல்லிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம். அதுதான் இன்றைக்கும் மனசில் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2007-08இல், பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்து ஏணிப்படி மாதிரி படிப்படியாகத் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, வகுப்பறைச் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தோம். பிள்ளைக்கு ஒரு கட்டம். அட்டை, ஏணிப்படி இதிலெல்லாம் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் நோட்டில் ஒரு வரி எழுத அழுத பிள்ளைகள் அந்தச் சுவரடியில் உட்கார்ந்து எழுதித் தள்ளினார்கள். தப்பானால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். நோட்டில் நாம் போடும் சிவப்பு மை வருஷம் முடிகிறவரை அங்கேயே இருக்கும், வீட்டுக்கும் போகும்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, கிருஷ்ணகிரி:

எனக்கு நடந்தது தலைகீழ். கொரோனா முடிந்து பள்ளி திறந்த சமயம். ஒரு பையன் இரட்டைக்கோடு நோட்டில் முத்து முத்தாக எழுதுவான். கோட்டைத் தாண்டாது, அடித்தல் திருத்தல் இருக்காது. பார்வைக்கு வந்த அதிகாரியிடம் அவன் நோட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டினேன்.

ஒருநாள் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கும்போது என் புடவை உரசி ‘மாம்பழம்’ என்ற சொல்லில் பாதி அழிந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. நோட்டுகளைப் பார்த்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி தப்பாக, ஆனால் மாம்பழத்தைத்தான் எழுதியிருந்தார்கள். இவன் மட்டும் ‘மாம்’ எழுதி, பக்கத்தில் சாக்பீஸ் தீற்றல் இருந்த மாதிரியே பென்சிலால் லேசாகத் தீற்றியிருந்தான். “இது என்னடா?” என்றேன். “பலகையில் இருந்துச்சு மிஸ்” என்றான். வாசிக்கச் சொன்னேன். ஓர் எழுத்து தெரியவில்லை. வீட்டில் தெலுங்கு. அவனுக்குத் தமிழ் எழுத்து என்பது கோலம் மாதிரி ஒரு படம்.

2022-23இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்தபோது அவன் அடிநிலையான அரும்பில்தான் உட்கார்ந்தான். மதிப்பீட்டை செல்போனில் ஏற்றுவதற்குள் உயிர் போகும், அதைப் பற்றி இங்கே பேசவேண்டாம். ஆனால் அப்போதிலிருந்து, பார்த்து எழுதியதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் ‘எழுதத் தெரியும்’ என்று நான் குறிப்பதில்லை. முதலில் வாயால் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும், அப்புறம் பலகையைப் பார்க்காமல் அதையே எழுதவேண்டும்.

ஒரு நான்காம் வகுப்பு அம்மா, கோவை:

நான் டீச்சர் இல்லை, எழுதலாமா தெரியவில்லை. ‘நான் விரும்பும் பண்டிகை’ என்று கட்டுரை. என் பெண் பொங்கல் அன்று குக்கரில் பொங்கல் வைத்ததையும், அபார்ட்மெண்ட் பால்கனியில் பால் பொங்காமல் விசில் வந்ததையும் எழுதினாள். விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு பக்கத்தையும் குறுக்கே ஒரே கோடாக அடித்து, ‘நோட்ஸில் உள்ளபடி எழுதவும்’ என்று வந்தது. தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். இப்போது ஐந்து கட்டுரை மனப்பாடம். மதிப்பெண் நன்றாக வருகிறது.

உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், விழுப்புரம்:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்க்கிறேன். உங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் என்னிடம்தான் வருகிறார்கள். ‘அறையாண்டுத் தேர்வு’ என்று எழுதுகிறான். மார்க் வந்த அன்று வீட்டில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அதுவே சரி என்று விடலாம். ஆனால் ர, ற பேதத்தை அவனுக்கு யாராவது ஒரு கட்டத்தில் சொல்லித்தானே ஆகவேண்டும்? ஆசை ஆசையாக எழுதியதைத் திருத்தவே கூடாது என்றால், பத்தாம் வகுப்பில் முகம் தெரியாத ஒருவர் மொத்தமாகத் திருத்துவார்.

என் வழி இது. ஒரு வாரத்துக்கு ஒரு பிழைதான். இந்த வாரம் ல, ள, ழ என்றால் அதை மட்டும் வட்டமிடுவேன். ஒற்றெழுத்து விடுபட்டிருந்தாலும் கண்டுகொள்ளமாட்டேன், கை அரிக்கும், பொறுத்துக்கொள்வேன். முன்பெல்லாம் ஒரு பக்கத்தில் முப்பது இடத்தில் சுழித்துக் கொடுப்பேன். அதை ஒரு பிள்ளையாவது திரும்பிப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். நேராக மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். இப்போது மூன்று வட்டம் என்றால் மூன்றையும் திருத்திக்கொண்டு வருகிறார்கள். இன்னொரு பழக்கம், எழுதியவனையே சத்தமாகப் படிக்கச் சொல்வது. பாதி வாக்கியத்தில் அவனே நின்று, “ஐயா, ஒரு வார்த்தை விட்டுட்டேன்” என்பான்.

சிவகங்கை டீச்சருக்கு: மூன்று குறைவு. ஆனால் பத்தும் போடாதீர்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, சிவகங்கைப் பக்கம்:

விழுப்புரம் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு அவளை மேசைக்குக் கூப்பிட்டேன். “இது யாருக்கு எழுதினது?” “உங்களுக்குத்தான் டீச்சர்.” “நான் வராத அன்னைக்கு வேற டீச்சர் கையில கிடைச்சா, எந்தப் பிள்ளை எழுதினதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் அவளாகவே மேலே அனுப்புநர் எழுதினாள். பெறுநர் எழுதினாள். பொருள் என்று போட்டு நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினாள்: ‘எங்கள் ஆடு குட்டி போடுதல் சார்பாக.’ காய்ச்சலுக்கு நான் சொல்லிக் கொடுத்த ‘சார்பாக’ ஆட்டுக்கும் வந்து சேர்ந்தது. கீழே உள்ள வரிகளில் ‘போகுது’ மட்டும் ‘போகிறது’ ஆனது. மற்றதை நானும் தொடவில்லை.

மூன்றை அடித்துவிட்டு எட்டு போட்டேன். தேதிக்கு ஒன்று போயிற்று, மூணு சுழிக்கு ஒன்று.

அந்த ஆடு ஞாயிற்றுக்கிழமைதான் குட்டி போட்டது. இரண்டு குட்டி. லீவே தேவைப்படவில்லை.