கை விறைக்குது: கம்பெனி ஹீட்டட் கிரிப்பா, வெளியில் வாங்கி மாட்டுவதா?

இரவுப்பணி | ஹடர்ஸ்ஃபீல்ட்

ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட். வீட்டிலிருந்து ராச்டேல் பக்கம் பைக்கில் எம்62 மோட்டர்வேயில் ஒரு வழிக்கு 20 மைல் போல வரும். நடுவில் பென்னைன் மலையைத் தாண்ட வேண்டும். 22ஆம் ஜங்ஷன் அருகே சாலை 372 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. இங்கிலாந்து மோட்டர்வேக்களில் அதைவிட உயரமான இடம் கிடையாது. ஊரில் தூறல் என்றால் அங்கே ஆலங்கட்டி.

போன வாரம் காலையில் வீடு வந்து வண்டியை நிறுத்திவிட்டு சாவியைத் திருப்பப் பார்க்கிறேன், விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சாவியை வைத்து உருட்டித்தான் அணைத்தேன். கிளவுஸைப் பல்லால் கடித்துக் கழற்றினால், வலது கையில் மூன்று விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. இதே கையோடு ஒரு நோயாளி வந்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

வண்டி 2018 ஹோண்டா என்சி750எக்ஸ், செகண்ட் ஹேண்ட். ஹீட்டட் கிரிப், அதாவது கரண்டில் சூடாகும் கைப்பிடி, இல்லாமல் வந்தது. ஹோண்டா கம்பெனியின் சொந்தச் செட்டை மாட்டித்தர ஒரு டீலர் கூலியோடு 340 பவுண்டு கேட்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி வேறு பிராண்டின் வெளிச் செட் 90 பவுண்டுக்குள் கிடைக்கிறது, ஆனால் நானே மாட்ட வேண்டும். 250 பவுண்டு வித்தியாசத்துக்கு அப்படி என்னதான் இருக்கிறது? என் கை சின்னது, அதையும் மனதில் வையுங்கள்.

டைகர்காரன் | மில்டன் கீன்ஸ்

கம்பெனிதான். யோசிக்கவே வேண்டாம்.

என்னுடையது ட்ரையம்ஃப் டைகர் 900 ஜிடி. கிரிப் வண்டியோடு வந்தது. நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது, அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஹேண்டில்பாரில் தனியாக ஒரு டப்பா ஒட்டிக்கொண்டிருக்காது, ஒயர் வெளியே தொங்காது, எந்த லெவலில் இருக்கிறது என்பது டாஷிலேயே தெரியும். சின்னக் கை என்கிறீர்கள். வெளிச் செட்டுகளில் பாதி குண்டாக இருக்கும்; ஒரு மணி நேரம் பிடித்தால் முன்கை கடுக்கும். அதுவும் கிளட்ச் பக்கம்.

அப்புறம், பல வண்டிகளில் கம்பெனி செட்டுக்கென்றே ஒரு கனெக்டர் விட்டு வைத்திருப்பார்கள். வெட்டாமல் ஒட்டாமல் செருகினால் முடிந்தது. வெளிச் செட் போட்டுவிட்டு நாளைக்கு கரண்ட் கோளாறு என்று டீலரிடம் போய்ப் பாருங்கள். "இந்த ஒயரை யார் இழுத்தது?" என்பதுதான் முதல் கேள்வி.

பழைய ஸ்பானர் | கோவென்ட்ரி

டைகர் தம்பி, உங்கட வண்டி கிரிப்போடு பிறந்தது. தங்கச்சியின் வண்டி அப்படிப் பிறக்கவில்லை. அவருக்கு டீலர் மாட்டப் போவதும் அட்டைப் பெட்டியில் வரும் ஒரு செட்தான். பின்னுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெடியன் பழைய கிரிப்பைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, பசை பூசி, புதியதைத் தள்ளுவான். நான் 20 வருடமாகப் பிடிப்பதும் அதே கத்தி, அதே பசை. அந்த 340இல் நல்ல பங்கு அவன்ட கூலி.

வாரண்டிப் பேச்சு இங்கே எதற்கு? 2018 வண்டி. அது எப்போதோ முடிந்து போயிருக்கும்.

கம்பெனி கிரிப்பின் மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். சூடாக்கும் இழை ரப்பருக்குள்ளேயே வார்த்திருக்கும். ஆக்சிலரேட்டர் பக்கம் ஒயர் ஒவ்வொரு முறுக்குக்கும் வளைந்து நிமிர்கிறது. பல வருடம் வளைந்தால் ஒரு நாள் உள்ளே அறும். அறுந்தால் ஒட்ட ஏலாது, அந்தப் பக்கக் கிரிப்பையே மாற்ற வேண்டும். ஒரு பெரிய டூரிங் வண்டிக்கு, பெயர் வேண்டாம், வலது பக்கக் கிரிப் மட்டும் வாங்கிக் கொடுத்தேன். பார்ட் விலையே 100 பவுண்டுக்கு மேல். அந்தக் காசில் ரெண்டு பக்கமும் கன்ட்ரோலரும் சேர்த்து வெளிச் செட்டே வந்திருக்கும்.

டைகர்காரன் | மில்டன் கீன்ஸ்

அண்ணே, ஒயர் அறுவது வெளிச் செட்டுக்கும் உண்டுதானே? என் நண்பர் இணையத்தில் 18 பவுண்டுக்கு ஒரு செட் வாங்கினார். இரண்டாவது மாதம் ஏ5 சாலையில், ராத்திரி, ரப்பர் எரிகிற வாசனை. நிறுத்திப் பார்த்தால் இரண்டு ஒயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் துண்டு உருகி ஹெட்லைட் ஒயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய ஸ்பானர் | கோவென்ட்ரி

18 பவுண்டுக்கு வேறு என்ன வரும்? பெட்டியில் ஃபியூஸ் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பெயரில்லாத சாமானையும் ஆக்ஸ்ஃபோர்டையும் கோசோவையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | ரீடிங்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எலக்ட்ரிக்கல் ஆள், வாய் சும்மா இருக்காது.

முதலில் எவ்வளவு குளிர் என்று பார்ப்போம். வெளியே 5 டிகிரி, வண்டி 60 மைல் வேகம். காற்றுக் குளிர்ச்சிக்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டால் தோலுக்கு அது மைனஸ் 3. வெளியே பூஜ்யம் என்றால் மைனஸ் 10ஐத் தாண்டும். இது மூடாத தோலுக்கான கணக்கு, கிளவுஸ் கொஞ்சம் தாங்கும். ஆனால் 60 மைல் என்பது நொடிக்கு கிட்டத்தட்ட 27 மீட்டர். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதித்தால் 13 மீட்டர் போய்விடும். ஆகவே இது சொகுசுச் செலவு இல்லை.

கரண்ட்: இந்த மாதிரி செட் முழுச் சூட்டில் 4 ஆம்பியர் போல இழுக்கும். 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்சி750 அளவு வண்டிக்கு அது சுமையே இல்லை. 125 சிசி வண்டியில் சிக்னலுக்கு சிக்னல் நின்று போனால்தான் பேட்டரி வற்றுமா என்று கவலைப்பட வேண்டும்.

யார் செய்தது என்பதைவிட, கரண்டை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் ஒரு நாள் அணைக்க மறப்பீர்கள். நல்ல கன்ட்ரோலர் வோல்டேஜ் இறங்கினால் தானே அணையும், ஆனாலும் அதை நம்பிப் படுக்கப் போகாதீர்கள். ஒரு ரிலே போடுங்கள், சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேவுக்கு, ரிலேவை எழுப்ப நம்பர் பிளேட் லைட்டிலிருந்து ஒரு மெல்லிய ஒயர். சாவியைத் திருப்பினால் கிரிப்பும் செத்துவிடும். புது பிஎம்டபிள்யூ மாதிரி கேன் பஸ் வண்டிகளில், அதாவது கரண்ட் பாகங்களை கம்ப்யூட்டரே இணைத்துக் கண்காணிக்கும் வண்டிகளில், கண்ட ஒயரில் கை வைக்கவே கூடாது. அங்கே டைகர்காரன் சொல்வதே சரி, கம்பெனி செட்டுக்கே என் ஓட்டு.

கூரியர்_7 | ஈஸ்ட் ஹாம்

நீங்க எல்லாம் பணக்காரங்க. 😄

நான் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் ஸ்கூட்டரில் இருக்கிறவன். கிரிப் உள்ளங்கையை மட்டும்தான் சுடும். காற்று அடிப்பது விரலுக்கு வெளிப்பக்கம். தோசைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் வெந்த மாதிரி இருக்கும். ஹேண்டில்பாருக்கு மாட்டும் மஃப், அதாவது கையை உள்ளே விட்டுக்கொள்ளும் அந்தப் பெரிய பை, 25 பவுண்டு. மழை, காற்று எதுவும் உள்ளே வராது. கோடை கிளவுஸே போதும். ஒயரும் வேண்டாம், ஃபியூஸும் வேண்டாம்.

டைகர்காரன் | மில்டன் கீன்ஸ்

மோட்டர்வேயில் 70இல் அந்தப் பையை மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க மாட்டுக்குக் கொம்புறை போட்ட மாதிரி இருக்கும் என்பதை விடுங்கள். காற்று பையை அழுத்தி பிரேக் லிவரைத் தொடும். பின்னால் வருகிறவனுக்கு உங்கள் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும்.

கூரியர்_7 | ஈஸ்ட் ஹாம்

ஒத்துக்கறேன், அது உண்மை. தொளதொள துணி மஃப்பில் அப்படி ஆகும். ஹேண்ட்கார்ட், அதான் லிவருக்கு முன்னால் இருக்கிற கைத் தடுப்பு, அதுக்கு மேலே மாட்டினால் ஆகாது. அக்கா, உங்க என்சியில் ஹேண்ட்கார்ட் இருக்கா?

இரவுப்பணி | ஹடர்ஸ்ஃபீல்ட்

இருக்கிறது, முந்தைய ஓனர் போட்டது. மஃப் கூட வேண்டுமா என்று பிறகு பார்க்கிறேன்.

கிளவுஸ் பற்றி ஒன்று. என்னிடம் இருப்பது நல்ல மொத்தமான குளிர்கால கிளவுஸ். உள்ளங்கையிலும் பஞ்சு அடைத்திருக்கிறது. சூடு அதைத் தாண்டி வருமா?

கணக்குப்பிள்ளை | ரீடிங்

பாதிதான் வரும். குளிரைத் தடுக்கிற பஞ்சுக்கு, கிரிப்பின் சூடு எது, வெளிக்குளிர் எது என்று தெரியாது. உள்ளங்கை மெல்லிசாக, மேல்பக்கம் மொத்தமாக உள்ள கிளவுஸ் பாருங்கள்.

இன்னொன்று, வாங்கிய பிறகு பயந்துவிடாதீர்கள். இடது கிரிப் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் சுடும். வலது கிரிப் ஆக்சிலரேட்டரின் பிளாஸ்டிக் குழாய் மேல் உட்காருகிறது, சூடு வெளியே போகாது. இடது கிரிப் நேராக உலோக ஹேண்டில்பார் மேல். மலைக்காற்றில் ஜில்லென்று இருக்கும் கம்பி அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சில செட்டுகளில் இதற்கென்றே இடது பக்கத்துக்குக் கூடுதல் வாட் கொடுத்திருப்பார்கள். வெளுப்பது வலது கை என்கிறீர்கள், அதுவரை லாபம். ஆனால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறீர்கள், அந்த வெள்ளை விரலை ஒருவரிடம் காட்டுங்கள். குளிரில் விரலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்ளும் ரேனாட்ஸ் என்றால் கிரிப் மட்டும் போதாது.

டைகர்காரன் | மில்டன் கீன்ஸ்

இடது பக்கக் கம்பியில் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையை ஏற்றிவிட்டு அதன் மேல் கிரிப் போட்டால் சூடு போகாது என்று படித்திருக்கிறேன்.

பழைய ஸ்பானர் | கோவென்ட்ரி

அது சாதாக் கிரிப்புக்கு அடியில் ஒட்டும் சூட்டுத் தாளுக்குச் செய்கிற வேலை. முழுக் கிரிப்பின் துளை அளவாக வார்த்தது; உறை ஏற்றினால் உள்ளே போகாது. அடித்து ஏற்றப் போய் இழையை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, வெளிச் செட் என்றால் இதைக் கவனியுங்கள். வலது கிரிப்பின் துளை பெரிது, இடது சிறிது, மாற்றிப் போடாதீர்கள். வலது குழாயில் வரி வரியாக மேடு இருக்கும். அதை அரத்தால் ராவி எடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. பசை பூசாமல் முதலில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அந்தப் பசை பிடித்தால் பிடித்ததுதான், சில விநாடிதான் நேரம். நான் பழகின காலத்தில் ஒருவரின் கிரிப்பை ஒயர் பிரேக் லிவருக்கு நேரே வரும்படி ஒட்டிவிட்டு, புது செட் என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேன்.

ஒயருக்கு ஒரு தளர்வான வளையம் விடுங்கள். ஹேண்டிலை முழு இடம், முழு வலம் திருப்பி, இரண்டிலும் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். விட்டதும் டக்கென்று திரும்ப வேண்டும். இழுத்துப் பிடித்தால் ஓட்டாதீர்கள். என்சியில் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் சாமான் பெட்டிதானே, பேட்டரி மூடி அதற்குள்ளேயே இருக்கும். மற்ற வண்டிகளைவிட வேலை லேசு.

டைகர்காரன் | மில்டன் கீன்ஸ்

பார்த்தீர்களா? அரம், பசை, ரிலே, வளையம். இத்தனையும் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர் செய்ய வேண்டும். 250 பவுண்டு எதற்கு என்று கேட்டாரே, இதற்குத்தான்.

இரவுப்பணி | ஹடர்ஸ்ஃபீல்ட்

அதுவும் நியாயம்தான். 250 பவுண்டு எனக்கு இரண்டு ஷிஃப்ட் காசு. அந்த இரண்டு ஷிஃப்டுக்கும் இதே மலையைத்தான் தாண்ட வேண்டும். வெளிச் செட்டே வாங்குகிறேன்.

இரவுப்பணி | ஹடர்ஸ்ஃபீல்ட் (மூன்று வாரம் கழித்து)

மாட்டியாயிற்று. வீட்டுக்காரர் டார்ச் பிடிக்க, முந்தாநாள் முழுப் பகலும் போனது. ராவும் வேலைதான் உயிரை எடுத்தது. பிளாஸ்டிக் தூள் சட்டையெல்லாம். ரிலே போட்டேன், சாவியோடு அணைகிறது.

நேற்று இரவு முதல் ஓட்டம். மேட்டில் 2 டிகிரி. முழுச் சூட்டில் வைத்து, ஜங்ஷன் தாண்டுவதற்குள் பாதிக்குக் குறைத்துவிட்டேன். இடது பக்கம் கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரியே மந்தம். குண்டு என்று டைகர்காரன் சொன்னதும் சரி, கிளட்சுக்கு விரல் முன்பைவிட நீள வேண்டியிருக்கிறது. லிவரின் தூரத்தைக் கொஞ்சம் குறைக்க வழி உண்டா? டாக்டரையும் பார்த்தேன், ரேனாட்ஸ்தான் போல, டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். வலது கிரிப்பின் நுனி பார் கடைசியில் இருக்கும் வெயிட்டில் லேசாக உரசுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் திரும்புகிறது, ஆனால் கொஞ்சம் சோம்பலாக. போகப் போகத் தேய்ந்து சரியாகிவிடும்தானே?

பழைய ஸ்பானர் | கோவென்ட்ரி

சரியாகாது! இன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம். சூட்டில் ரப்பர் இளகி வெயிட்டைப் பிடித்துக்கொண்டால் மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டர் திரும்பாது. வெயிட்டைக் கழற்றி நடுவில் மெல்லிய வாஷர் ஒன்று வையுங்கள், 1 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

டைகர்காரன் | மில்டன் கீன்ஸ்

இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

இரவுப்பணி | ஹடர்ஸ்ஃபீல்ட்

சரி அண்ணா. இன்றிரவு வீட்டுக்காரர் காரில் கொண்டுவிடுகிறார். நாளைக் காலை வாஷர் வாங்கிவிட்டு போட்டோ போடுகிறேன்.