விமானத்தில் போத்தல் கொண்டுபோனவர்கள், கொண்டுபோக விட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பரந்தன் பெடியன்

டியூட்டி பிறீயில் வாங்கும் போத்தலைக் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டித் தருவார்களே, அதைப் பற்றித்தான். அம்மா மாமாவைப் பார்க்கக் கனடா போனார். வான் முறிகண்டியில் நிற்கும்போது மாமா அங்கிருந்து கோல் எடுத்து, "அக்கா, ஒரு சாராயப் போத்தல் மட்டும் கொண்டு வாங்கோ" என்றார். 30 வருடத்துக்கு மேல் ஊர் காணாத மனுசன். கட்டுநாயக்காவில் உள்ளே போன பிறகு, கூடப் போன ஒரு பிள்ளையின் உதவியோடு அம்மா ஒன்று வாங்கினார். கடையில் பையில் போட்டு, ரசீதையும் உள்ளே வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். ஏதோ சொன்னார்களாம், ஆங்கிலத்தில்.

விமானத்தில் போத்தல் உருண்டிருக்கிறது. உடைந்துவிடும் என்று பயந்து, அம்மா பையைக் கிழித்துப் போத்தலைத் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். விமானம் மாறின இடத்தில் திரும்பவும் சோதனை. அந்த அதிகாரிப் பெண் துவாயை விரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த தொட்டியைக் கையால் காட்டினாராம். அம்மா "தம்பிக்குக் கொண்டு போறன் பிள்ளை" என்று தமிழில் சொல்லியிருக்கிறார். அவருக்கு எங்கே விளங்கும்? பிறகு அம்மா தானே குனிந்து, உடையாமல் தொட்டியின் அடியில் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது கையை எப்படி வைத்தார் என்று செய்து காட்டினார். அது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

போய்ச் சேரும் வரைக்கும் பிரிக்கக் கூடாது என்று அந்தப் பையிலேயே எழுதியிருக்கிறது. அம்மா பேப்பர் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். ஆனால் அது தமிழில் இல்லை. ஊரில் இருந்து எத்தனை தாய் தகப்பன் இப்படித் தனியாகப் போகிறார்கள்!

புதுக்குடியிருப்பு அக்கா

எனக்குக் கோபம் உங்கள் மாமா மேல்தான் தம்பி. முதல் முதல் விமானம் ஏறுகிற ஒரு பொம்பிளையிடம் கேட்கிற சாமானா இது?

என் கதை வேறு. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தேன். அங்கே சாராயம் கொண்டு போனாலும் வைத்திருந்தாலும் குற்றம், அதனால் அந்தப் பேச்சே எனக்குத் தெரியாது. கட்டுநாயக்காவில் இறங்கி, பெட்டி வரும் பட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நல்ல உடுப்போடு ஒருத்தர் வந்து, "அக்கா, நீங்கள் டியூட்டி பிறீயில் போத்தல் எடுக்கப் போறதில்லைத்தானே? பாஸ்போட்டைத் தாங்கோ, உங்கட பேரில நான் எடுக்கிறன், காசும் தாறன்" என்றார். சொல்லி முடிக்க முதல் அவருடைய இரண்டு விரல் என் பாஸ்போட்டின் நுனியில் இருந்தது. நான் இழுக்க, அவரும் விடவில்லை. குவைத்தில் அதை வீட்டுக்காரி வாங்கிப் பூட்டி வைத்திருந்தவள். அது என் கைக்கு வந்தே அப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் சத்தம் போட்ட பிறகுதான் விட்டார். சுற்றி நின்ற ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போய் வருகிற பிள்ளைகளே, உங்கள் பேரில் வாங்கினால் அது உங்கள் போத்தல். சுங்கத்தில் மறித்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், அந்த ஆள் அங்கே நிற்கமாட்டார்.

வவுனியா நகர்

பரந்தன் தம்பி, பை தமிழில் இல்லை என்பது சரி. ஆனால் உங்கள் அம்மா அதை ஊரிலேயே கடையில் வாங்கிப் பெரிய பெட்டிக்குள் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது. என் மச்சான் ஐரோப்பாவில் இருந்து வரும்போது 75 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள றம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, வரிசையில் எல்லாரும் பார்க்கப் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் இதையெல்லாம் தேடி வாசித்து வைத்திருக்கிறேன், எழுதிவிடுகிறேன்.

போத்தலில் எத்தனை வீதம் என்று முதலில் பாருங்கள். 70 வீதத்துக்கு மேல் என்றால் கையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை, எரியக்கூடிய சாமான் கணக்கு. 24க்கு மேல் 70 வரைக்கும் ஒருத்தருக்கு 5 லீற்றர், அதுவும் கடையில் விற்கிற மாதிரி மூடி திறக்காமல் இருக்க வேண்டும். நம் சாராயம், விஸ்கி எல்லாம் இதற்குள்தான் வரும். சோடாப் போத்தலில் ஊற்றிக் கட்டின கசிப்பு எந்தக் கணக்கிலும் வராது, கொண்டுபோகவே கூடாது. பியர், வைன் 24 வீதத்துக்குக் கீழ் என்பதால் விமானப் பாதுகாப்பு விதியில் அளவு இல்லை, பெட்டியின் நிறைதான் கணக்கு.

பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் போகாது. அதற்கு விலக்குத்தான் அந்த ஒட்டின பை. ரசீது வெளியில் தெரியும்படி பைக்குள் இருக்க வேண்டும். இரண்டு விமானம் மாறினாலும் கடைசி இடம் வரைக்கும் கிழிக்கக் கூடாது. இடையில் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்கிற பயணம் என்றால், அந்த இடத்திலேயே போத்தலைப் பெட்டிக்குள் மாற்றிவிடுவது நல்லது.

இதெல்லாம் விமானத்துக்கு. இறங்குகிற நாட்டின் சுங்கம் வேறு கதை, ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். கனடாவில் வரியில்லாமல் 1.14 லீற்றர் சாராயம். முழுப்போத்தல் இரண்டு கொண்டு போனால் அளவு தாண்டிவிடும், சொல்லி வரி கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 22 வீதத்துக்கு மேல் என்றால் 1 லீற்றர். லண்டன் பக்கம் 4 லீற்றர். சுவிசில் 18 வீதத்துக்கு மேல் 1 லீற்றர். அவுஸ்திரேலியா 2.25. பலாலியால் சென்னை போகிறவர்களுக்கு இந்தியச் சுங்கத்தில் 2 லீற்றர். சவூதிக்கும் குவைத்துக்கும் ஒரு சொட்டும் வேண்டாம்.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம். படிக்கப் போகிற பிள்ளையின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

மல்லாவி

வவுனியா அண்ணை, பெட்டிக்குள் வைத்தால் பிரச்சினை இல்லை என்று அவ்வளவு லேசாகச் சொல்லாதீங்கோ.

அக்கா பாரிசுக்குத் திரும்பும்போது கள்ளு கேட்டா. போத்தலில் அடைத்து விற்கிற பனங்கள்ளு அன்றைக்குக் கிடைக்கவில்லை. அயலில் ஒருவர், "இது காலமை இறக்கினது, இறுக்கி மூடித் தாறன்" என்று போத்தலில் விட்டுக் கொடுத்தார். மூடினாலும் கள்ளுப் புளித்துக்கொண்டேதான் இருக்கும், வாயு உள்ளே சேரும். அங்கே பட்டியில் பெட்டி வர முதல் மணம் வந்ததாம். திறந்தால் மிளகாய்த்தூள் பொதி ஊறிச் சிவப்புத் தண்ணி வடிகிறது. அம்மாவின் கூறைச்சேலையும் அதே பெட்டியில். சரிகை முழுக்க மிளகாய்த்தூள் பிடித்துவிட்டது. அக்கா அதைத் தன் மகளுக்கென்று கொண்டு போனவ. கழுவிக் கழுவிப் பார்த்தா, இன்னும் மணக்குதாம்.

பரந்தன் பெடியன்

அக்கா, மாமாவைக் குறை சொல்லாதீங்கோ. அவர் போத்தல் இல்லாமல் வந்த அம்மாவைக் கண்டு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் மனம் கேட்காமல் இரண்டு கிழமை அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். வவுனியா அண்ணை, வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தோம். முறிகண்டியில் வந்த கோல்தானே, அந்த நேரம் பெட்டி எல்லாம் கட்டி, நிறை பார்த்து முடிந்தது.

மாங்குளம் சந்தி

சவூதியில் இருந்து இடையில் ஒரு இடத்தில் மாறி வந்த விமானத்தில், எனக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்த பொடியன் ஒட்டின பையைக் கிழித்து, போத்தலைப் போர்வைக்குள் வைத்துக் குடிக்கத் தொடங்கினான். விமானத்தில் அவர்கள் ஊற்றித் தருவதைத்தான் குடிக்கலாம், சொந்தப் போத்தல் திறக்கவே கூடாது. பணிப்பெண் முழங்காலில் இருந்து, சத்தமே இல்லாமல், "அண்ணா, அதைத் தாங்கோ, இறங்கும்போது திருப்பித் தாறன்" என்றா. தமிழ்ப் பிள்ளை. அவன் உடனே கொடுத்துவிட்டான். முதலில் ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னபோது அவன் சண்டைக்கு எழும்பினவன்.

துணுக்காய்

அப்பா வாற மாதம் லண்டன் போறார், இடையில் ஒரு இடத்தில் மாறுகிறார். இங்கே வாங்கிப் பெட்டியில் வைக்கவா, டியூட்டி பிறீயில் வாங்கச் சொல்லவா?

வவுனியா நகர்

பெட்டியில் வையுங்கோ. மூடி திறக்காத போத்தல், பொலித்தீன் இரண்டு சுற்று, அதற்கு மேல் சாரம், பெட்டியின் நடுவில். உள்ளே போய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பையைக் கிழிக்க வேண்டாம் என்று தமிழில் ஒரு துண்டில் பெரிதாக எழுதி அப்பாவின் பாஸ்போட்டுக்குள் வைத்துவிடுங்கோ.