மேடும் பள்ளமுமான கோல்ஃப் மைதானம்: எந்த ஹோல் உங்களை என்ன பாடு படுத்தியது?

கீழ்ச்சரிவு:

சமதளத்தில் ஆடிப் பழகியவர்கள் மலைச்சரிவு மைதானத்துக்கு முதல்முறை வரும்போது ஸ்கோர் கார்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். "மொத்தமே இவ்வளவு தூரம்தானா?" என்பார்கள். நான்காவது ஹோல், அதாவது நான்காவது குழிக்கான ஆடுபாதை, வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிடும். நான் வழக்கமாக ஆடும் மைதானம் அந்த வகைதான். கார்டில் போட்டிருக்கும் யார்டு கணக்கை அங்கே நம்ப முடியாது. அடுத்த அடிக்கு நிற்கப்போகிற இடம் சமமாக இருக்குமா, பந்து விழுகிற இடம் எந்தப் பக்கம் சரிகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. தூரத்தில் பத்து இருபது யார்டு போனாலும் பரவாயில்லை, கால் சமமாக ஊன்றும் இடம் கிடைத்தால் போதும் என்று ஆடுகிறவன் நான். ஹோல் வாரியாக எழுதுகிறேன், சொல்ல விஷயம் உள்ளவற்றை மட்டும். உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்.

முதல் ஹோல் பார் 4, அதாவது நான்கு அடியில் பந்தைக் குழிக்குள் போட வேண்டியது. முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து நேரே இறக்கம். மேலே நின்று பார்த்தால் ஃபேர்வே, குட்டையாகப் புல் வெட்டிய அந்த நடுப்பாதை, பாய் விரித்த மாதிரி அகலமாகத் தெரியும், எல்லோர் கையும் தானாக அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவருக்குப் போகும். ஆனால் இறக்கத்தில் பந்து தரையைத் தொட வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறது. லேசாக வலப்பக்கம் வளைகிற பந்து அந்தக் கூடுதல் நேரம் முழுக்க வளைந்துகொண்டே போகும். பக்கக் காற்று இருந்தால் கேட்கவே வேண்டாம். சமதளத்தில் ஃபேர்வே ஓரத்தில் நின்றிருக்கக்கூடிய அடி இங்கே மரங்களுக்குள் போய்விடும். டிரைவரைவிடக் கொஞ்சம் குறைவாக அடிக்கும் மூன்றாம் நம்பர் வுட் போதும். சரிவே உருட்டிக் கொண்டுபோய்ச் சமமான இடத்தில் விடும்.

இரண்டும் மூன்றும் மலையின் தோளில் கிட்டத்தட்ட சமமாக ஓடுகின்றன. விட்டுவிடலாம்.

நான்காவதுதான் பாடம் நடத்துகிற ஹோல். பார் 3, கார்டில் 150 யார்டு. குழியும் கொடியும் இருக்கும் புல்தளமான கிரீன் நாற்பத்தைந்து அடி மேலே. கொடியின் மேல்பாதிதான் கண்ணுக்குத் தெரியும், கம்பு எங்கே தரையைத் தொடுகிறது என்பது தெரியாது. மூன்று அடி ஏற்றத்துக்கு ஒரு யார்டு சேர்க்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. அப்படிப் பார்த்தால் 165. ஆனால் அந்தக் கணக்கு பந்து 45 டிகிரி கோணத்தில் இறங்கினால்தான் சரியாக வரும். தாழ்வாக அடிக்கிறவர்களின் பந்து அதைவிடப் படுத்த கோணத்தில் வருகிறது, அதனால் அவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அதோடு, மேலே இருக்கும் கிரீனில் பந்து செங்குத்தாக இறங்காது, விழுந்தபின் ஓடும். கம்பை ஒட்டி நிறுத்தும் ஆசையை விட்டுவிட்டு நடு கிரீனுக்கு அடிப்பதே புத்திசாலித்தனம். அதற்காக முன்விளிம்பிலும் விழக்கூடாது. என்னோடு ஆடிய ஒருவர் தன் இரண்டாவது அடியைக் கச்சிதமாக முன்விளிம்பில் இறக்கினார். பந்து ஒரு நொடி யோசித்தது. அப்புறம் மெல்லத் திரும்பி, வந்த வழியே முப்பது யார்டு உருண்டு அவர் பையருகே வந்து நின்றது. அவர் எதுவும் சொல்லவில்லை, அதே கிளப்பை மறுபடி உருவினார்.

ஆறாவது ஹோலில் ஃபேர்வே முழுக்கப் பக்கவாட்டில் சரிகிறது. வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பள்ளம். வலது கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட உயரத்தில் இருக்கும், அடித்தால் இடப்பக்கம் போகும், அதாவது பள்ளத்தை நோக்கி. விழுந்தபின் தரையும் அதே பக்கம் இழுக்கும். பிடியைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து, மேட்டுப்பக்கம் குறிவைக்க வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று: பந்து இப்படி விலகுவது வெட்ஜ், ஒன்பதாம் அயர்ன் போல முகம் அதிகம் சாய்ந்த கிளப்புகளில்தான் அதிகம். அதனால் ஒரு கிளப் பெரிதாக, அதாவது ஒரு படி அதிக தூரம் போகும் கிளப்பாக எடுத்து முக்கால் வேகத்தில் வீசுவதே நல்லது. சரிவில் நிலை தடுமாறாமலும் இருக்கும்.

ஒன்பதாவது ஏற்றம். இரண்டாவது அடிக்கு நிற்கும்போது இடது கால் மேலே, வலது கால் கீழே. தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். சாய்த்தால் கிளப்பின் சாய்வும் கூடிவிடுகிறது, ஏழாம் அயர்ன் எட்டோ ஒன்பதோ போல (எண் கூடக் கூடத் தூரம் குறையும்) உயரப் போய்ச் சட்டென்று இறங்கும். அதற்கு ஒரு கிளப், கிரீன் மேலே இருப்பதற்கு இன்னொரு கிளப். இரண்டையும் கூட்ட மனம் வராது. அந்தக் கிரீனுக்கு முன்னால் இருக்கும் பங்கரின் மணல் எப்போது பார்த்தாலும் மிதிபட்டுக் கிடப்பது அதனால்தான்.

பதினான்காவது பார் 5. இரண்டாவது அடி ஒரு முகட்டைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. முகட்டுக்கு அப்பால் ஒரு கம்பத்தில் மணி தொங்குகிறது. தாண்டிப் போனவர்கள் அதை அடித்தால்தான் பின்னால் வருகிறவர்கள் அடிக்கலாம். மணியை மறக்கிற குழுவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

பதினாறாவது எனக்குப் பிடித்த ஹோல். பார் 3, 170 யார்டு, கிரீன் தொண்ணூறு அடி கீழே. கணக்குப்படி முப்பது யார்டு கழிய வேண்டும். ஆனால் கையில் இருப்பது செங்குத்தாக இறங்குகிற கிளப் என்பதால் இருபத்தைந்துக்கு மேல் நான் கழிப்பதில்லை. மேலே டீயில் மரங்கள் காற்றை மறைத்துவிடும். கீழே கொடி எந்தப் பக்கம் அசைகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பைத் தொட வேண்டும்.

இடதுகை:

ஆறாவது ஹோல் பற்றி எழுதியதைப் படித்தேன். வலது கைக்காரருக்குப் பந்து பள்ளத்தை நோக்கிப் போகிறது, சரி. அப்படியானால் இடதுகைக்காரருக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். "உனக்கென்னப்பா, மேட்டுப்பக்கம் போகும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை. அதே சரிவில் எனக்குப் பந்து பாதத்துக்குக் கீழே இருக்கும். இடதுகைக்காரர் கீழே இருக்கும் பந்தை அடித்தால் அது இடப்பக்கம், மறுபடி பள்ளத்துக்கே போகும். எந்தக் கையானாலும் சரிவு பந்தைக் கீழேதான் அனுப்பும்.

வித்தியாசம் நிற்பதில்தான். மேலே இருக்கும் பந்துக்குப் பிடியைக் குறைத்தால் வேலை முடிந்தது. கீழே இருக்கும் பந்துக்கு முழங்காலை மடக்கிக் குனிந்து, அடி முடியும் வரை அப்படியே இருக்க வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தாலும் பந்தின் தலையில்தான் படும். அதனால் அந்த மாதிரி ஃபேர்வேயில் டீ ஷாட்டையே மேட்டோரத்துக்கு, ஓரத்து நீளப் புல்லான ரஃபை ஒட்டி அடிக்கிறேன். உருண்டு நடுவுக்கு வந்துவிடும். நடுவில் சரிவு கொஞ்சம் தணிந்திருக்கும்.

பைசுமப்பவன்:

எல்லோரும் பந்தைப் பற்றியே பேசுகிறீர்கள், காலைப் பற்றி யாரும் பேசவில்லை! வண்டி எடுக்காமல் நடந்தே ஆடுகிறவர்களுக்கு மலை மைதானத்தில் ஏற்ற ஹோலின் கிரீன்தான் சோதனை. மூச்சு வாங்கிக்கொண்டே மேலே வந்து சேர்வோம், நெஞ்சு படபடக்கும், அந்த நேரத்தில் நாலடி தூரத்திலிருந்து குழிக்கு உருட்டும் பட். கை நடுங்காமல் என்ன செய்யும்? நான் கிரீனுக்குப் போனதும் முதலில் அடுத்தவர்கள் பந்து விழுந்து உண்டான பள்ளங்களைச் சரிசெய்வேன், கொடியின் பின்பக்கம் ஒரு சுற்று நடப்பேன். அதற்குள் மூச்சு அடங்கிவிடும், யாரும் தாமதம் என்று குறை சொல்லவும் முடியாது. கிளப் எடுப்பதிலும் இது உண்டு. கடைசி நாலைந்து ஹோலில் கால் சோர்ந்தபின் ஏழாம் அயர்ன் காலையில் போன தூரம் போகாது, அந்த ஏற்றத்துக்கும் சேர்த்து ஒன்று பெரிதாக எடுங்கள்.

டிராலி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சரிவில் விடும்போது குறுக்காக நிறுத்துங்கள். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்ற ஒரு டிராலி ஏரிக்குள் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர் பட் அடித்துக்கொண்டிருந்தார். பந்து விழுந்தது, டிராலியும் விழுந்தது.

ஞாயிறு ஆட்டக்காரன்:

டிவியில் பார்ப்பதை வைத்து இதைப் புரிந்துகொள்ளவே முடியாது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் பத்தாவது ஹோல் டீயிலிருந்து கிரீன் வரை நூறு அடிக்கு மேல் இறங்குகிறது. கேமராவில் அது சாதாரணச் சரிவாகத்தான் தெரியும், நேரில் போனவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். 1934-ல் அங்கே நடந்த முதல் மாஸ்டர்ஸ் போட்டியில் இப்போதைய பத்தாவதுதான் முதல் ஹோல், அடுத்த வருடம் முன் ஒன்பது ஹோலையும் பின் ஒன்பதையும் இடம் மாற்றிவிட்டார்கள்.

இறக்கம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஹவாயின் கபாலுவா மைதானத்தைச் சொல்லலாம். 2018-ல் அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் அங்கே 433 யார்டு பார் 4-ஆன பன்னிரண்டாவது ஹோலில் டிரைவர் அடித்தார். பந்து உருண்டு உருண்டு குழிக்குச் சில அங்குலம் தள்ளி நின்றது. அவர் பலசாலிதான், ஆனால் பாதி வேலை சரிவினுடையது. தென்னாப்பிரிக்காவில் ஒரு பார் 3-க்கு ஹெலிகாப்டரில் மலையுச்சிக்குப் போய்ச் சுமார் 400 மீட்டர் கீழே இருக்கும் கிரீனுக்கு அடித்திருக்கிறார்கள். அதெல்லாம் கோல்ஃபா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். வேடிக்கை, அவ்வளவே.

ஒரு சந்தேகம். கிரீனில் எல்லா பட்டும் பள்ளத்தாக்குப் பக்கம்தான் திரும்பும் என்கிறார்களே, அது உண்மையா?

கீழ்ச்சரிவு:

பாதி உண்மை. மலைச்சரிவில் இருக்கும் கிரீன் மொத்தமாகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நம் கண் அந்தச் சாய்வையே சமம் என்று எடுத்துக்கொள்வதால், லேசான இறக்கம் ஏற்றம் போலவும் தெரியும். அதனால் கிரீனுக்கு நடந்து வரும்போதே, ஐம்பது யார்டு தள்ளி நின்று, மொத்த மலையும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்வேன். ஆனால் கிரீனைக் கட்டியவர்கள் மழைநீர் வடியத் தனியாக வாட்டம் கொடுத்திருப்பார்கள், சில இடங்களில் அது மலைக்கு எதிர்ப்பக்கம்கூட இருக்கும். பள்ளத்தாக்கை மட்டும் பார்த்து பட் அடிக்கிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். தண்ணீர் ஊற்றினால் எங்கே ஓடும் என்று யோசித்தால் பெரும்பாலும் தப்பாது. பார்ப்பதானால் குழிக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து பாருங்கள், சாய்வு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

விதியே கதி:

சரிவு மைதானத்தில் அதிகம் சண்டை வருவது டிராப்பில், அதாவது எடுத்த பந்தை விதி அனுமதிக்கும் வேறிடத்தில் கையிலிருந்து விடுவதில். 2019 முதல் முழங்கால் உயரத்திலிருந்துதான் பந்தை விட வேண்டும். விட்ட பந்து அனுமதித்த எல்லைக்குள் நிற்க வேண்டும். சரிவில் எங்கே நிற்கும், உருண்டு வெளியே போகும். இரண்டாவது முறை விடுங்கள். மறுபடி போனால், இரண்டாவது முறை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வையுங்கள். அங்கேயும் நிற்காவிட்டால் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள், அப்போதும் நகர்ந்தால் குழியை நெருங்காமல் பந்து நிற்கக்கூடிய மிக அருகிலுள்ள இடம். மூன்றாவது முறை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது விதியில் இல்லை.

கிரீனில் இன்னொன்று. பந்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டீர்கள், அப்புறம் காற்றிலோ சரிவிலோ அது தானாக உருண்டது. பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும், தண்டனை இல்லை. எடுக்காமல் இருந்த பந்து தானாக உருண்டால் போய் நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும், அது குழிக்குள்ளேயே போனால் போன அடியில் விழுந்ததாகக் கணக்கு. செங்குத்தான கிரீனில் பந்து இருந்த இடத்தை அடையாளமிட்டுச் சீக்கிரம் எடுத்துத் திரும்ப வைக்கிறவருக்கும் எடுக்காதவருக்கும் இவ்வளவு வித்தியாசம்.

ஞாயிறு ஆட்டக்காரன்:

நன்றி. அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள். தூரம் காட்டும் லேசர் கருவி வாங்கியிருக்கிறேன். ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் சேர்த்து "இவ்வளவு யார்டுக்கு அடி" என்று அதுவே சொல்கிறது. பதினாறாவது ஹோல் கணக்கெல்லாம் அப்போது தேவையில்லையே?

விதியே கதி:

நண்பர்களோடு ஆடும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். போட்டியில் கூடாது. தூரத்தை அளக்கலாம், உயர வேறுபாட்டை அளக்கக் கூடாது. முதல் தடவை மீறினால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி கூடும், இரண்டாவது தடவை ஆட்டத்திலிருந்தே நீக்கம். கருவியில் அந்த வசதியை அணைத்து வைக்கும் பொத்தான் இருக்கும், முதல் டீக்குப் போகும் முன் அழுத்திவிடுங்கள். ஆனால் முந்தைய நாளே மைதானத்தைச் சுற்றி ஒவ்வொரு ஹோலின் ஏற்ற இறக்கத்தையும் அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளத் தடை இல்லை.