பேரியான் ஆக்கமா, பேரியான் மிகுதலா? – கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்களுக்குப் பேரியான்கள் என்று பெயர். இளம் பேரண்டத்தில் அவை தம் எதிர்த்துகள்களைவிடச் சற்றுக் கூடுதலான நிகழ்வைச் சுட்டும் ‘பேரியோஜெனிசிஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடித் தொடங்கிய இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: பேரியான் படைப்பு, பேரியான் தோற்றம், பேரியான் ஆக்கம், பருப்பொருள் எச்சம். நான்கையும் ஒரு வாரமாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். இவற்றில் எதுவும் நிகழ்வின் உயிர்நிலையைத் தொடவில்லை என்றே தோன்றுகிறது. ஐந்தாவதாக ‘பேரியான் மிகுதல்’ என்பதை முன்வைக்கிறேன். மடல் சற்று நீளும். சொல்லைவிடப் பொருளைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

இயற்பியலாளர் டிராக் 1928இல் எழுதிய சமன்பாடு, எலக்ட்ரானின் நிறையும் அதற்கு எதிரான மின்னூட்டமும் கொண்ட ஒரு துகளை எதிர்பார்க்க வைத்தது. 1932இல் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த ஆண்டர்சன் அந்தப் பாசிட்ரானைக் கண்டறிந்தார். 1955இல் பெர்க்லியில் எதிர்ப்புரோட்டானும் அகப்பட்டது. ஆய்வகத்தில் ஆற்றலிலிருந்து ஒரு துகளை உண்டாக்கும்போதெல்லாம் அதன் எதிர்த்துகளும் கூடவே உண்டாகிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டால் இரண்டும் மறைந்துவிடுகின்றன.

இந்த மறைவுக்கு மிக அருகில் நான் நின்றது ஒரு மருத்துவமனையில். என் அத்தைக்குப் பெட் ஸ்கேன் எடுத்தபோது துணைக்குப் போயிருந்தேன். ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் பேசாமல் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். ஊசியில் இருந்தது ஃபுளோரின்-18 ஏற்றப்பட்ட குளுக்கோஸ். அந்த ஃபுளோரின் ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். சிதையும் அணுக்கள் பெரும்பாலும் ஆளுக்கொரு பாசிட்ரானை வெளியேற்றும். அது ஓரிரு மில்லிமீட்டர் போவதற்குள் திசுவில் உள்ள எலக்ட்ரான் ஒன்றைச் சந்திக்கும். இரண்டும் இல்லாமல் போய், 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்பும். அத்தையைச் சுற்றியிருந்த வளையம் அந்த இரட்டைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்று நேராகக் கழிந்தால் மிஞ்சுவது ஒளி மட்டுமே என்று பாடத்தில் படித்திருந்தேன். அது என் வீட்டு மனுஷியின் உடலுக்குள் நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இதே கழித்தல்தான் இளம் பேரண்டத்தில் எங்கும் நடந்தது. அந்த வெப்பத்தில் துகளும் எதிர்த்துகளும் இணை இணையாக உண்டாகிக்கொண்டும் அழிந்துகொண்டும் இருந்தன. பேரண்டம் விரிந்து குளிர்ந்தபோது புதிய இணைகளை உண்டாக்கப் போதிய ஆற்றல் இல்லாமற்போயிற்று. அழிவு மட்டும் தொடர்ந்தது. இரு பக்கமும் துல்லியமாகச் சமமாக இருந்திருந்தால், ஏறத்தாழ எல்லாமே அழிந்து ஒளியாகியிருக்கும். எவ்வளவு மிஞ்சின என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கலாம். பெருவெடிப்பின் நுண்ணலைப் பின்னணி ஒளி இப்போது 2.7 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 411 ஃபோட்டான்கள். புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் பேரண்டம் முழுவதும் ஒரே சீராகப் பரப்பினால் நான்கு கன மீட்டருக்கு ஒன்று கிடைக்கும். அதே நான்கு கன மீட்டரில் உள்ள ஃபோட்டான்கள் 164 கோடி. இந்த 164 கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் நாமும், நம் கடலும் மலையும், கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் அத்தனையும் அடங்கியிருக்கிறோம்.

ஆகவே பேரியோஜெனிசிஸ் விளக்க முற்படுவது பேரியான்கள் எப்படி உண்டாயின என்பதை அன்று. உண்டாவது அப்போது இடைவிடாது நடந்துகொண்டிருந்த ஒன்று. எதிர்ப்பேரியான்களைவிடப் பேரியான்கள் ஒரு சிறிது கூடுதலாக எப்படி ஆயின என்பதே கேள்வி. ‘ஆக்கம்’, ‘தோற்றம்’ இரண்டும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. இணை இணையாக உண்டாவதும் ஆக்கம்தான், அதற்கும் இதற்கும் வேறுபாடு காட்ட அச்சொற்களில் இடம் இல்லை. போதாததற்கு, முதல் சில நிமிடங்களில் ஹீலியம் முதலான கருக்கள் உருவானதை ‘அணுக்கரு ஆக்கம்’ என்று பலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். ‘படைப்பு’ என்பதோ படைத்தவர் யார் என்ற கேள்வியையும் கையோடு அழைத்து வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கலைச்சொல் ஒன்று அதற்கு முன்கூட்டியே விடை சொல்லிவிடக் கூடாது.

‘மூலத்தில் ஜெனிசிஸ் என்று இருக்கிறது, நாம் ஏன் மாற்ற வேண்டும்?’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மூலச்சொல்லிலேயே குறை இருந்தால் அதையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ‘பெருவெடிப்பு’ நமக்கு முன் நிற்கும் எடுத்துக்காட்டு. 1949இல் பி.பி.சி. வானொலி உரையில் வானியலாளர் ஃபிரெட் ஹாயில், தாம் ஏற்காத கோட்பாட்டைச் சுட்ட ‘பிக் பேங்’ என்ற தொடரைப் பயன்படுத்தினார், அது நிலைத்தது, நாமும் அப்படியே தமிழாக்கினோம். அதனால்தான் இன்றும் பள்ளியில் பேசப் போனால், ‘எந்த இடத்தில் வெடித்தது? அதற்கு வெளியே என்ன இருந்தது?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் தவறில்லை. சொல் அப்படிக் கேட்கச் சொல்கிறது. வெளிதான் விரிவடைந்ததே தவிர, ஏற்கெனவே இருந்த வெளிக்குள் எதுவும் வெடிக்கவில்லை. அந்தச் சொல்லை இனி மாற்ற முடியாது. இன்னும் ஊன்றாத சொல்லிலாவது கவனமாக இருப்போம்.

இழையில் ஓர் இயற்பியல் ஆசிரியை எழுப்பிய கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் இந்தச் சொல்லின் தேவையே அதில்தான் இருக்கிறது: ‘அந்தக் கூடுதல் தொடக்கத்திலேயே இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன? பேரண்டத்துக்கு முன் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாதபோது, அங்கிருந்தே வந்திருக்கலாம் அல்லவா?’ நீண்ட காலம் பலர் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அந்த வழியைப் பெரிதும் அடைத்தது, 1981இல் இயற்பியலாளர் ஆலன் கூத் முன்வைத்த உப்பல் கோட்பாடு. (பொருளியலில் ‘பணவீக்கம்’ இருப்பதால் ‘வீக்கம்’ வேண்டாம் என்று முன்பே பேசி ‘உப்பல்’ என்று வைத்துக்கொண்டோம்.) வெப்பப் பேரண்டத்துக்கு முன் மிகக் குறுகிய நேரத்தில் வெளியின் நீளங்கள் குறைந்தது 10இன் 26ஆம் அடுக்கு அளவுக்குப் பெருகின என்பது அதன் வழக்கமான கணக்கு. நீளம் அவ்வளவு பெருகினால் கன அளவு 10இன் 78ஆம் அடுக்கு பெருகும். அதற்கு முன் எவ்வளவு பேரியான் கூடுதல் இருந்திருந்தாலும், இந்த உப்பலில் அது ஆற்றில் கரைத்த பெருங்காயம் ஆகியிருக்கும். உப்பல் முடிந்தபோது அதை நடத்திய புலத்தின் ஆற்றல் துகள்களாகவும் எதிர்த்துகள்களாகவும் மாறிற்று. பொருளுக்கான மூலம் என்று இன்றைய அண்டவியல் சுட்டுவது இந்த ஆற்றலையே. கூடுதல், அதற்குப் பின்னரோ அந்த மாற்றத்தின்போதோதான் உண்டாகியிருக்க வேண்டும். ‘முன்பு என்ன இருந்தது?’ என்ற பெரிய கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கான விடை எதுவாக இருந்தாலும், நம் உடலில் உள்ள புரோட்டான்களின் கணக்கு அங்கே எழுதப்படவில்லை என்பதைச் சொல்லும் துணிவை உப்பல் தருகிறது. அந்த ஆசிரியை தம் மாணவர்களுக்கு இவ்வளவு தூரம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இனி ‘மிகுதல்’. இச்சொல்லை எல்லோரும் பள்ளித் தமிழ் வகுப்பில் கேட்டிருப்போம். ‘அந்த’, ‘பையன்’ என்ற இரு சொற்களிலும் ப் என்ற ஒற்று இல்லை. இரண்டும் சேரும்போது ‘அந்தப் பையன்’ என்று ஓர் ஒற்று மிகுகிறது. ‘சிறிய பையன்’ என்பதில் மிகாது. எங்கே மிகும், எங்கே மிகா என்பதற்கு விதிகள் உண்டு. முன்பு இல்லாத ஒன்று குறிப்பிட்ட நிபந்தனைகளில் மட்டும் கூடுதலாக வந்து நிற்பதைத் தமிழ் இலக்கணம் இவ்வளவு துல்லியமாக ஒரு வினையில் அடக்கி வைத்திருக்கிறது. ஒற்றுக்கு எதிரொற்று கிடையாது என்பதால் ஒப்புமை முழுமையானதன்று. ஆனாலும் நிபந்தனைக்கு உட்பட்ட கூடுதல் என்ற கரு அப்படியே பொருந்துகிறது.

ஏனென்றால், 1967இல் சோவியத் இயற்பியலாளர் ஆந்திரேய் சகாரவ் ஒரு குறுங்கட்டுரையில் எழுதியவை பேரியான் மிகும் இடத்துக்கான விதிகளே. முதலாவது, பேரியான் எண் மாறாமை எங்கோ மீறப்பட வேண்டும். மீறப்பட்டால் புரோட்டானும் என்றாவது சிதையக்கூடும். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே என்ற நிலத்தடி ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாகத் தேடியும் அத்தகைய சிதைவு ஒன்றையும் காணாததால், முதன்மையாகத் தேடப்பட்ட சிதைவு வழியில் புரோட்டானின் வாழ்நாள் 10இன் 34ஆம் அடுக்கு ஆண்டுகளுக்கும் மேல் என்று கொள்கிறோம். இரண்டாவது, இயற்கை துகளையும் எதிர்த்துகளையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. 1964இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் குரோனினும் ஃபிட்ச்சும் கே-மீசான் என்னும் நிலையற்ற துகளின் சிதைவில் இந்த ஓரவஞ்சனையைக் கண்டார்கள். பேரியான்களின் சிதைவிலேயே அது தென்பட்டதை ஐரோப்பியத் துகளியல் ஆய்வகமான செர்னின் ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்தார்கள். மூன்றாவது, வெப்பச் சமநிலை குலைய வேண்டும்; சமநிலையில் முன்னோக்கிய வினையும் பின்னோக்கிய வினையும் ஈடாகிவிடும் என்பதால் மிகுந்தது மறுகணமே குறைந்துவிடும். அறிந்த துகள்களையும் அவற்றின் வினைகளையும் விளக்கும் கோட்பாடான துகளியலின் செந்தர மாதிரியில் இம்மூன்றும் ஓரளவுக்கு இருந்தும், கணக்கிட்டால் நாம் காணும் மிகை அதில் வருவதில்லை. அந்த மாதிரிக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்பதற்கு நம் இருப்பே ஒரு சான்று என்பது, இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் செய்தி.

‘மிகை’ என்றால் வேண்டாத அளவு, மிகைப்படுத்தல் என்ற நெடி வருகிறதே என்று எவரேனும் கேட்கக்கூடும். ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்ற குறளில் அந்த நெடி இல்லை. இரு பக்கத்தையும் எடைபோட்டு எது விஞ்சி நிற்கிறதோ அதைக் கொள் என்கிறது. எதிரெதிரான இரண்டுக்கு இடையிலான வேறுபாடு என்ற, நமக்கு வேண்டிய அதே பொருள்தான்.

‘பருப்பொருள் எச்சம்’ அழகான தொடர், அதை ஒதுக்க மனமில்லை. ஆனால் எச்சம் என்பது கழிந்த பின் நிற்பது. மிகுதல் என்பது கழிவதற்கு முன் நடந்தது. முன்னது விளைவு, பின்னது காரணம். எச்சத்தை ‘எச்ச நியூட்ரினோ’ போன்ற தொடர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ‘பருப்பொருள்’ என்று பொதுவாகச் சொல்வதிலும் சிக்கல் உண்டு: ஒளியை உமிழாத, ஈர்ப்பால் மட்டும் தென்படும் கரும்பொருள் பேரியான்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கிறது, அதன் வரலாறு வேறாக இருக்கலாம்.

எழுத்து வடிவம் பற்றி ஈழத்து நண்பர் எழுதியதையும் பார்த்தேன். அங்கே புரோத்தன், இலத்திரன், மின்னேற்றம் என்று பாடநூல் வழக்கு நிலைத்திருப்பதால் ‘பேரியன்’ என்பதே அவர்கள் காதுக்கு இயல்பாக இருக்கும். இரண்டையும் ஏற்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டு கொடுத்துவிடலாம். ‘மிகுதல்’ இரு கரைக்கும் பொது. எலக்ட்ரான், நியூட்ரினோ முதலான லெப்டான்களில் முதலில் கூடுதல் தோன்றி அது பேரியான்களுக்கு மாறியிருக்கலாம் என்று 1986இல் ஃபுகுகிதாவும் யனகிதாவும் முன்வைத்த கருத்துக்கு ‘லெப்டான் மிகுதல்’ என்று அதே அச்சில் சொல் கிடைத்துவிடுகிறது.

அகராதிப் பதிவுக்கு நான் எழுதிய வரைவு இது, திருத்தி அனுப்புங்கள்.

பேரியான் மிகுதல் (பெ.): இளம் பேரண்டத்தில் எதிர்ப்பேரியான்களைவிடப் பேரியான்களின் எண்ணிக்கை கூடிய நிகழ்வு. அக்கூடுதல்: பேரியான் மிகை. ஃபோட்டான் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடும் அளவு: பேரியான் மிகை விகிதம். எடுத்துக்காட்டு: ‘வெப்பச் சமநிலை குலையாதவரை பேரியான் மிகாது.’

அன்புடன்.