ஆழச் சாதனைக்குத் துணை நின்றவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

என் தோழி அடுத்த மாதம் ஃப்ரீடைவிங்கில், அதாவது சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் ஆழம் போவதில், அவள் நாட்டுச் சாதனையை முறியடிக்க முயலப் போகிறாள். கயிற்றோரமாகத் துடுப்பை உதைத்தே இறங்கி, அப்படியே ஏறி வர வேண்டும். “நீ தண்ணீரில் இருந்தால் எனக்குத் தைரியம்” என்கிறாள். நானும் மூச்சடக்கி மூழ்குகிறவன்தான், முப்பது மீட்டர் வரை சிரமமில்லை. ஆனால் இப்படித் துணைக்குப் போனதில்லை. போனவர்கள் நடந்ததை எழுதுங்கள். அறிவுரையை விட அனுபவம்தான் எனக்கு வேண்டும்.

* * *

பல போட்டிகளில் சேஃப்டி டைவராக, அதாவது மூழ்குபவருக்கு ஏதாவது ஆனால் மீட்கத் தண்ணீரில் நிற்பவராக, இருந்திருக்கிறேன். முதலில் ஒன்று. நீங்கள் அவரோடு அடிவரை போகப் போவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். தொண்ணூறு மீட்டருக்கு ஒரே மூச்சில் கூடவே போகிறவருக்கு இன்னொரு சேஃப்டி தேவைப்படும்! நம் வேலை மேல் முப்பது மீட்டரில்.

100 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல 11 மடங்கு. அந்த அழுத்தம் நுரையீரலில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டே இருப்பதால், ஆழத்தில் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருப்பார்கள். ஏற ஏற அந்தத் தள்ளல் குறைகிறது. கடைசி 10 மீட்டரில் மட்டும் அழுத்தம் பாதியாகிவிடும். மயக்கம் அதிகம் வருவது அங்கேதான். இல்லையென்றால் மேலே வந்து மூச்சு எடுத்த பிறகு, அந்த ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள்.

ஆழத்தையும், ஆகும் நேரத்தையும் முதல் நாளே அறிவித்துவிடுவார்கள். ஒலியால் ஆழம் காட்டும் சோனார் கருவியைப் பார்ப்பவர் “ஐம்பது, அறுபது” என்று சொல்லிக்கொண்டே வருவார். கயிற்றின் கீழ்முனையில் இருக்கும் அடித்தட்டைத் தொட்டு அவர் திரும்பியதும் நாம் நம் மூச்சைத் தயார் செய்துகொண்டு, அவர் முப்பதை நெருங்கும்போது அங்கே இருக்கிற மாதிரி இறங்க வேண்டும். சீக்கிரம் போனால் நம் மூச்சு வீண். தாமதமானால் சொல்லவே வேண்டாம். இரண்டாவது ஆள் இருபதுக்குப் பக்கத்தில் சேர்ந்துகொள்வார். இதில் ஒரு சிக்கல் உண்டு. காது அழுத்தத்தைச் சமன் செய்ய வாயில் பிடித்துவைத்த காற்று தீர்ந்துவிட்டால், அறிவித்த ஆழத்துக்குப் போகாமலே திரும்பிவிடுவார்கள். மூன்று நிமிடம் என்று எழுதிக் கொடுத்தவர் இரண்டேகால் நிமிடத்தில் வந்து நிற்பார். கடிகாரத்தை நம்பி மிதந்துகொண்டிருந்தால் அவ்வளவுதான்.

எதிரெதிரே முகம் பார்த்தபடி ஏறுவோம். நான் பார்ப்பது கண்ணையும் உதைப்பையும். கண் நிலைகுத்துகிறதா, உதைப்பின் தாளம் தப்புகிறதா, வாயிலிருந்து காற்று கசிகிறதா?

அப்புறம்தான் எனக்கு மிகக் கடினமான இடம். தலை வெளியே வந்த 15 விநாடிக்குள் முகத்தில் இருக்கும் மாஸ்க்கையோ மூக்குப்பிடிப்பையோ கழற்ற வேண்டும், கையால் ஓகே காட்ட வேண்டும், ‘ஐயாம் ஓகே’ என்று சொல்ல வேண்டும். அதே வரிசையில். நடுவர் கார்டு காட்டும் முன் யாராவது அவரைத் தொட்டுவிட்டால் முயற்சி செல்லாது. ஒரு பெண் வந்தார், உதடு நீலம், தலை முன்னால் சரிந்து சரிந்து நிமிர்கிறது. என் கை அவர் அக்குளுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பிடித்தால் அவருடைய ஒரு வருடப் பயிற்சி போச்சு. பிடிக்காமல் வாய் தண்ணீரில் அமிழ்ந்தால் அதுவும் போச்சு. வாயால் ஊக்கம் கொடுக்கலாம் என்பதால் அவர் கோச் “மூச்சை இழு! பிடி! விடு!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார், சொன்னார், வெள்ளைக் கார்டு, முயற்சி செல்லும். என் கை அதற்குப் பிறகுதான் நடுங்க ஆரம்பித்தது.

இன்னொருவர் எட்டு மீட்டரில் அணைந்துபோனார். ஒரு கை பின்தலையில், ஒரு கை தாடையை மூடி, உதைத்து மேலே கொண்டுவந்தேன். மாஸ்க்கைக் கழற்றி, கண்ணருகே ஊதி, கன்னத்தில் தட்டி, பேர் சொல்லி “மூச்சு விடு” என்றதும் சில விநாடிகளில் வந்துவிட்டார். கண் திறந்ததும் முதல் கேள்வி, “எதற்கு என்னைத் தொட்டாய்?” தான் மயங்கியதே அவருக்குத் தெரியாது. சண்டைக்கே வந்துவிட்டார். வீடியோவைக் காட்டிய பிறகுதான் அடங்கினார். இப்படித் திட்டு வாங்கத் தயாராகப் போங்கள்.

* * *

மேலே எழுதியவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லோரும் சேஃப்டியைப் பற்றியே பேசுகிறார்கள், கயிற்றை யாரும் பேசுவதில்லை. நான் கயிற்று ஆள்.

கயிறு நனைந்தால், எடை தொங்கினால், நீளம் மாறும். அதனால் ஈரமாக்கி, இழுவிசையில் வைத்துத்தான் அளப்போம். அடித்தட்டுக்குச் சற்று மேலே லான்யார்டு (மூழ்குபவரைக் கயிற்றோடு இணைக்கும் பாதுகாப்பு வார்) வந்து முட்டி நிற்க ஒரு தடுப்பு இருக்கும். பல இடங்களில் அது சாதாரண டென்னிஸ் பந்துதான். சோனார் சில சமயம் ஆளைத் தொலைத்துவிடும். அப்போது கயிற்றில் கை வைத்திருந்தால் லான்யார்டு முட்டுகிற சின்ன அதிர்வு விரலுக்குத் தெரியும். “தொட்டுவிட்டார்” என்று நான் சொல்லி, அதற்குப் பிறகு சோனார் ஆமோதித்ததும் உண்டு. மூழ்கியவர் மேலே வரவே முடியாத நிலையில், கயிற்றின் மறுமுனையில் இருக்கும் எதிர் எடையை விடுவித்தால் கயிறு லான்யார்டோடு அவரையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கொக்கி திறக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் நானே பார்ப்பேன். அடுத்தவர் பார்த்துவிட்டார் என்ற பேச்சே கிடையாது. 2002-இல் டொமினிக்கன் குடியரசில் 171 மீட்டர் முயன்ற ஆட்ரி மெஸ்ட்ரே திரும்பி வரவில்லை. அவரை மேலே தூக்க வேண்டிய பையை நிரப்பும் சிலிண்டரில் போதிய காற்று இல்லை. எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது.

குறிவைக்கும் ஆழத்தின் எண்ணைப் பற்றியும் ஒன்று. ஃப்ரீடைவர் வில்லியம் ட்ரூபிரிட்ஜ் 2014-இல் பஹாமாஸின் டீன்ஸ் ப்ளூ ஹோல் என்ற ஆழமான கடற்குழியில் துடுப்பில்லாமல் 102 மீட்டர் போய், மேலே வரும்போது சேஃப்டி உதவி தேவைப்பட்டது. சாதனை கிடைக்கவில்லை. 2016-இல் அதே இடத்தில் அதே 102-ஐ முடித்தார். அவசரப்படும் ஆட்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

* * *

நான் தண்ணீருக்குள்ளேயே போனதில்லை, படகில் இருந்த கணவன். என் வேலை முதல் நாள் இரவு எண்ணைப் பற்றிப் பேசாமல் இருப்பது. அவ்வளவு சுலபமில்லை அது.

ஒரு பயிற்சிக்குப் பிறகு அவள் இருமினாள், டிஷ்யூவில் இளஞ்சிவப்பாக ஏதோ. நுரையீரல் நெருக்குண்டதன் அடையாளம், ஸ்க்வீஸ் என்பார்கள். “யாரிடமும் சொல்லாதே” என்றாள். நேரே மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். தண்ணீருக்குத் தடை. என்னோடு பேச்சும் தடை. 2013-இல் ஃப்ரீடைவர் நிக்கோலஸ் மெவோலி அதே டீன்ஸ் ப்ளூ ஹோலில் 72 மீட்டர் போய், வெளியே வந்து, அதன் பிறகுதான் இறந்தார் என்பதைப் படித்திருந்தேன். பேசாவிட்டால் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி. முப்பது மீட்டர் சிரமமில்லாமல் போவேன் என்றேனே, அது போதுமா?

* * *

சேஃப்டி டைவர் மறுபடியும். நேராகச் சொல்கிறேன், போதாது. ஓய்வெடுத்துவிட்டு ஒரு முறை முப்பது போவது வேறு. முப்பதில் அவருக்காகக் காத்திருந்து, அங்கிருந்து ஒருவரை இழுத்துக்கொண்டு வருவது வேறு. பயிற்சி நாட்களில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு மூழ்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூழ்கிய நேரத்தைப்போலக் குறைந்தது இரு மடங்காவது மேலே ஓய்வு வேண்டும், ஆழம் கூடினால் இன்னும் அதிகம். 2017-இல் எகிப்தின் தஹாப் ப்ளூ ஹோலில் ஸ்டீஃபன் கீனன், மூழ்கிய அலெஸ்ஸியா ஸெக்கினியை மேலே கொண்டுவந்துவிட்டுத் தான் இறந்துபோனார். எங்களில் மிகத் தேர்ந்த சேஃப்டிகளில் ஒருவர் அவர். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தண்ணீரில் உங்களைத் தவிர இன்னொரு சேஃப்டியாவது இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். மயங்கியவரை மீட்கும் பயிற்சியை இருவரும் அவரை வைத்தே செய்து பாருங்கள். மேடையில் ஆக்சிஜன் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் யார் என்று பெயரோடு கேளுங்கள்.

* * *

கேட்டேன். ஆக்சிஜன் இருக்கிறதாம், மருத்துவரும் வருகிறாராம். இரண்டாவது சேஃப்டிதான் இன்னும் கிடைக்கவில்லை. “அப்படியென்றால் நான் கேமராதான் பிடிப்பேன்” என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். சாயந்தரம் ஒரு செய்தி மட்டும் வந்தது: “உனக்குத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்.” யாராவது வருகிறீர்களா?