அமிலக் கரைதிறனா, காடிசார் கரைதிறனா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். நாளை அச்சுக்குப் போகவேண்டிய வேதியியல் பாடமொன்றில், கரைசலின் பிஎச் (அது எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்பதைக் காட்டும் அளவு) மாறும்போது அயனிச் சேர்மத்தின் கரைதிறனும் மாறுவதைக் குறிக்க ஒரு தலைப்புச் சொல் தேவைப்படுகிறது. 'அமிலக் கரைதிறன்' என்று எழுதியிருக்கிறேன். ஏற்குமா?

தமிழாசிரியர்:
ஏற்காது. தொகையை விரித்தால் 'அமிலத்தின் கரைதிறன்' என ஆறாம் வேற்றுமையும் வரும், 'அமிலத்தில் கரையும் திறன்' என ஏழாவதும் வரும். மாணவர் முதலில் ஆறாவதையே கொள்வார். மேலும், அமிலம் வடசொல். புளித்த நீரைக் காடி என்பது நம் பழவழக்கு. 'கடு' என்னும் அடியே நீண்டு காடியாயிற்று என்பது என் துணிபு. எனவே 'காடிசார் கரைதிறன்' எனலாம்.

வேதியியல் ஆசிரியர்:
வேர் எதுவாயினும் ஆகுக, ஐயா. சொல் எல்லாச் சேர்மங்களுக்கும் பொருந்தவேண்டுமே. கால்சியம் கார்பனேட்டிலிருந்து பிரிந்துவரும் கார்பனேட் அயனியை ஹைட்ரஜன் அயனி பற்றிக்கொண்டு முதலில் பைகார்பனேட்டாகவும் பிறகு கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றிவிடுவதால், குலைந்த சமநிலையை ஈடுகட்ட மேலும் மேலும் திண்மம் கரைகிறது. கரைதிறன் பெருக்கம் (நீரில் எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் மாறிலி) ஏறத்தாழ 1.8 × 10⁻¹⁰ மட்டுமே உடைய சில்வர் குளோரைடின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றினாலோ, வெண்ணிற வீழ்படிவு அப்படியே அடியில் கிடக்கும். குளோரைடு வலிமைமிகு அமிலத்தின் அயனியாதலால் அது ஹைட்ரஜன் அயனியை நாடுவதில்லை. அலுமினியம் ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், மிகுதியான சோடியம் ஹைட்ராக்சைடிலும் கரையும். அதற்குக் 'காடிசார்' என்பது பாதி உண்மைதான். 'பிஎச்சார் கரைதிறன்' என்பதே என் பரிந்துரை.

ஆய்வு மாணவி:
'கரைதிறன்' என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு. உப்புக்கரைசலை வற்றவைத்தால் உப்பு மீள்கிறது. சுண்ணாம்புக்கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, நுரை அடங்கியபின் வற்றவைத்தால் கிடைப்பது கால்சியம் குளோரைடே. இது கரைதலா, வினையா?

வேதியியல் ஆசிரியர்:
இரண்டும். அதனால்தான் 'வினைத்திறன்' என்பதனோடும் ஒட்டக்கூடிய முன்னொட்டைத் தேடுகிறோம். பெர்மாங்கனேட் அமிலக் கரைசலில் 5 எலக்ட்ரான்களை ஏற்று, ஏறக்குறைய நிறமற்ற மாங்கனீசு அயனியாகிறது. நடுநிலைக் கரைசலில் 3 எலக்ட்ரான்களை மட்டும் ஏற்று, பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடாக வீழ்படிகிறது. அங்கும் பிஎச்தான் தீர்மானிக்கிறது.

தமிழாசிரியர்:
வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் நில்லாது. 'பிஎச்' சொல்லே ஆகாதபோது அதனோடு 'சார்' எவ்வாறு புணரும்? 'பிஎச்சார்' என்பது யாரோ ஒரு பெரியவரை அழைப்பதுபோல் இருக்கிறது. அலுமினியமே தடையென்றால், காரத்தையும் காடியையும் சேர்த்துக் 'காரகாடிசார் கரைதிறன்' என்க. இருபுறமும் அடங்கும்.

வேதியியல் ஆசிரியர்:
அடங்கும், ஆனால் ஆய்வகப் புட்டியில் அமிலம் என்று படித்துவிட்டுப் பாடத்தில் காடி என்று படிப்பவர், இரண்டும் ஒன்றென்று அறியவே ஒரு வகுப்பு போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர்:
மூவர் 'பிஎச்' பக்கம் நிற்பதால், 'பிஎச் சார்ந்த கரைதிறன்', 'பிஎச் சார்ந்த வினைத்திறன்' என்று பிரித்தே எழுதி அனுப்புகிறேன். சொல்லடைவில் 'காரகாடிசார்' மாற்றுச்சொல்லாக இடம்பெறும்.

தமிழாசிரியர்:
மாற்றுச்சொல் அன்று, அதுவே சொல். என் மறுப்பைப் பதிவு செய்க.